நவமணி ஊசி திருப்பும்போது

ஒரு எஞ்சினுக்காக நீங்கள் எப்போதாவது வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? பஸ் எஞ்சினுக்கோ நெல் மில் எஞ்சினுக்கோ இல்லை, அதெல்லாம் நம்மைக் கேட்டுக்கொண்டா இரைகிறது. ஒரு கைப்பிடிக்குள் அடங்கிப்போகிற எஞ்சினுக்காக, அதுவும் ஒரு மணி நேரம் ஒரு நாள் என்றில்லாமல் ஐப்பசியில் தொடங்கி தை பிறக்கும்வரைக்கும், காங்கேயத்துக்குக் கிழக்கே வேப்பங்காட்டுப்புதூர் என்ற ஊர் மொத்தமும் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறது. நின்றது தப்பென்று யாருக்கும் அப்போது தோன்றவில்லை. மரியாதை என்றுதான் நினைத்தார்கள்.

அந்த எஞ்சினுக்குச் சொந்தக்காரி நவமணி. நாற்பத்து மூன்று வயது, கடைவீதியில் மோட்டார் காயில் கட்டுகிற வேலை, குடியிருப்பு ஊருக்கு மேற்கே தேங்காய்ப் பருப்பு காயப்போடுகிற சிமெண்ட் களத்தின் ஓரத்தில் ஒற்றை ஓட்டு அறை. அண்ணன் குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது, அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டால் அதற்கும் காரணம் அவள் காதுதான். பெண் பார்க்க வந்தவர்கள் உள்ளே காபி குடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் அணைக்காமல் விட்டிருந்த காரைக் கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, நாலில் ஒரு சிலிண்டர் வேலை செய்யலைங்க என்று மாப்பிள்ளையிடமே சொல்லிவிட்டாள், அவர்கள் திரும்பிப் போகும்போது ஊதியூர் மேட்டில் கார் நின்றுவிட்டது, மாப்பிள்ளையும் அத்தோடு நின்றுவிட்டார். அப்படி ஒரு காது அவளுக்கு.

மழைக்காலத்தில் களத்தில் பருப்பு காயாது, களம் சும்மா கிடக்கும். கிடக்கிற களத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ரிமோட் கார் பந்தயம். பொம்மைக் கார் என்று சொல்லிவிட்டால் அவர்களுக்குக் கோபம் வரும். கை நீளம் இருக்கிற காரில் நிஜ எஞ்சின், நிஜ பிஸ்டன், பெட்ரோலுக்குப் பதிலாக நைட்ரோ என்கிற எண்ணெய், அதில் விளக்கெண்ணெயும் கலந்திருப்பதால் கார் போன வழியெல்லாம் நீலப்புகையும் பேதிக்குக் கொடுத்த வீட்டு வாசமும் அடிக்கும். ஒரு தொட்டி எண்ணெய் எட்டு நிமிஷம் தாங்கும். எட்டு நிமிஷத்துக்கு ஒருமுறை கார் ஓரத்துக்கு வந்து நிற்கும், ஆள் ஒருத்தர் புட்டியைப் பீய்ச்சித் தொட்டியை நிரப்பி அனுப்பிவைப்பார். எஞ்சினின் பக்கத்தில் ஒரு சின்ன ஊசி உண்டு, திருப்புளியால் அதை ஒரு மயிரிழை உள்ளே திருப்பினால் எண்ணெய் குறையும், எஞ்சின் பாடும். இன்னொரு மயிரிழை திருப்பினால் பாடிக்கொண்டே சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அந்த இரண்டு மயிரிழைக்கு நடுவில் எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவள் நாலு ஜில்லாவிலும் நவமணி ஒருத்திதான். ஈரோட்டிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் காரைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள்.

பதினைந்து வருஷத்துக்கு முந்தி, அவள் ஊசி திருப்பத் தொடங்கிய புதிதில், தீவனக்கடைச் சென்னியப்பன் தன் முதல் காரைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துக் குந்தியிருந்தான். எஞ்சின் ஏறிக்கொண்டே போனது, நவமணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள், அந்த நேரம் பார்த்து அவன் சாப்பிட்டாச்சுங்களாக்கா என்று கேட்டுவிட்டான். கேட்டது ஒரு குற்றமா, நம் பக்கத்தில் பகையாளியைப் பார்த்தால்கூட முதலில் அதைத்தானே கேட்போம். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் அவள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் தவறிப்போனது, கை ஒரு மயிரிழை கூடுதலாகத் திரும்பியது, எஞ்சின் பிடித்துக்கொண்டது, பந்தயம் போனது. நவமணி ஒரே ஒரு தடவை சத்தம் போட்டாள்.

"நான் ஊசி திருப்பும்போது எவனும் வாயத் தொறக்கக் கூடாது."

சென்னியப்பன் அதைப் பந்தயக் கிளப்பின் முதல் விதியாக எழுதிவைத்தான். விதி களத்திலிருந்து கடைவீதிக்கு வந்தது, கடைவீதியிலிருந்து வீட்டுக்குள் போனது. அவள் ஊசி திருப்பும்போது பேசாமல் இருந்தவர்கள், திருப்பப்போகிறாளோ என்று பேசாமல் இருந்தார்கள், அப்புறம் இப்போதுதான் திருப்பிவிட்டு வருகிறாளோ என்று பேசாமல் இருந்தார்கள். அவள் மளிகைக்கடைக்கு வந்தால் ரேடியோவைத் தணிப்பார்கள், குழாயடிக்கு வந்தால் சண்டைபோட்டுக்கொண்டிருந்த பெண்கள் பாதிச் சண்டையில் நிறுத்தி அவள் குடம் நிறையும்வரை ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டு மட்டும் நிற்பார்கள். எங்க ஊர்ல ஒரு காது இருக்குது, அதுக்கு நாங்க குடுக்கற மரியாதை என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். விதியைப் போட்டவள் தானே என்பதால் நவமணி அதை யாரிடம் போய்க் குறை சொல்வது.

ஐப்பசி முதல் ஞாயிறு பந்தயம் முடிந்து எல்லோரும் போன மறுநாள், யார் யாரோ வேண்டாமென்று விட்டுப்போன சாமான்களைச் சேர்த்து அவள் தனக்கென்று ஒரு காரைக் கட்டினாள். ஒருத்தருடைய விரிசல் விட்ட அடித்தட்டு, இன்னொருத்தருடைய எஞ்சின், மூன்று வேறு வேறு நிறத்தில் நாலு சக்கரம். கவிழ்த்த பிளாஸ்டிக் கூடைமேல் காரை வைத்து எஞ்சினைக் கிளப்பிவிட்டு, தொட்டி தீர்வதற்குள் ரசம் வைத்துவிடலாமென்று உள்ளே போனாள். ரசம் வைத்து, சோறு வடித்து, சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பார்த்தால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தாள். காய்ந்த சுரைக்குடுவை மாதிரி இருந்தது. சரி ஓடட்டும் என்று பாத்திரம் துலக்கப் போனாள்.

மறுநாளும் ஓடியது. அதற்கு மறுநாளும். தொட்டியில் எண்ணெய் இல்லை, எஞ்சின் நிற்கவில்லை.

நிறுத்தத் தெரியாதவளா அவள். புகைக்குழாய் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் எப்பேர்ப்பட்ட எஞ்சினும் மூன்று எண்ணுவதற்குள் நின்றுவிடும். அடைத்தாள், எஞ்சின் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தது, விரலை எடுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. எண்ணெய்க் குழாயைக் கழற்றிப் போட்டாள், அதற்கும் ஓடியது. பிளக்கில் இருக்கிற கம்பி அப்படித்தான், பேட்டரியால் ஒருமுறை சிவக்கவைத்துவிட்டால் அப்புறம் பேட்டரி வேண்டாம், தன் சூட்டிலேயே தான் சிவந்துகொண்டிருக்கும், யார் தொடவும் வேண்டாம், யார் கேட்கவும் வேண்டாம். நவமணி அந்தக் கம்பியை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

முதலில் கண்டவர் பால்காரர். எஞ்சின் ஓடுகிறது, பக்கத்தில் நவமணி உட்கார்ந்திருக்கிறாள், அப்படியானால் ஊசி திருப்புகிறாள் என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்து பாலை ஊற்றிவிட்டு விரல்நுனியில் நடந்து போனார். சென்னியப்பன் வந்தான், தொட்டியை எட்டிப் பார்த்தான், நெற்றியைச் சுருக்கினான், அவள் உதட்டைப் பிதுக்கினாள், இன்னும் வேலை முடியவில்லை போல என்று மோட்டார் சைக்கிளை மெயின் ரோடுவரை தள்ளிக்கொண்டு போய் அங்கே ஸ்டார்ட் செய்தான். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. பஞ்சாயத்துக் கூட்டத்தில் தெருவிளக்குக்கும் குடிதண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் இந்த விஷயமும் வந்தது. எண்ணெயில்லாமல் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, அது அவங்க வேலை, நமக்கென்ன தெரியும் என்று விட்டுவிட்டு, களத்துப் பக்கம் யாரும் ஹார்ன் அடிக்கக் கூடாது, மாரியம்மன் கோவில் ஸ்பீக்கர் கிழக்கே பார்த்து இருக்க வேண்டும் என்று முடிவு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அப்புறம் ஊர் அதைத் தன் பாட்டுக்கு வைத்துக்கொண்டது. வயிறு இறுகி அழுகிற குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் காலையில் களத்து வேலி ஓரம் வந்து நிற்பார்கள், எஞ்சின் சத்தத்தில் குழந்தை தூங்கிவிடும், விளக்கெண்ணெய் வாசத்தில் தூக்கத்திலேயே வயிறும் போய்விடும், தாய்மார்கள் மாற்றுத் துணி கொண்டுவரப் பழகிக்கொண்டார்கள். மார்கழிப் பாதியில் மழை விட்டதும் களத்துக்காரர் வேலப்பன் களத்தின் ஒரு பாதியில் பருப்பைக் கொட்டினார். ஐந்து நாளில் காய்கிற பருப்பு மூன்று நாளில் காய்ந்தது, காக்காய் ஒன்றுகூட இறங்கவில்லை, அவர் எஞ்சினைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நவமணியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். நிச்சயதார்த்தம் முடிந்த ஜோடிகள் வந்து வேலியில் மஞ்சள் துணி கட்டினார்கள். எல்லோரும் வந்தார்கள். எல்லோரும் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போனார்கள்.

நவமணி பேசிப் பார்க்காமல் இல்லை. ஒரு நாள் பால்காரரிடம், மழை வருமாட்ட இருக்குதுங்க என்றாள். அவர் சிரித்து, உதட்டின்மேல் விரலை வைத்து, தலையை ஆட்டினார். என்னைச் சோதிச்சுப் பாக்கறீங்களா, நான் மாட்டுவனா என்று அதற்கு அர்த்தம். ட்யூனிங்குக்குக் கார் கொண்டுவருகிறவர்கள் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு சீட்டையும் பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்தவள், ஒரு மத்தியானம் எல்லாவற்றையும் பாயில் கொட்டி ஒன்றுவிடாமல் படித்தாள். மேல் ஊசி பாத்துடுங்க. சனிக்கிழமைக்குள்ள வேணும். சூடு அதிகமாகுது. நூற்றுப் பதினோரு சீட்டு இருந்தது. சாப்பிட்டாச்சா என்று ஒரு சீட்டில்கூட இல்லை. அவள் மறுபடி எல்லாவற்றையும் அள்ளி டப்பாவில் போட்டு மூடினாள், தண்ணீர் குடித்தாள், தொண்டையைச் செருமிப் பார்த்தாள், அந்தச் செருமல்கூட யாரோ பக்கத்து வீட்டில் செருமியது மாதிரி இருந்தது. பக்கத்து வீடு என்று ஒன்று அவளுக்கு இல்லை. தொட்டியில் எண்ணெய் இல்லை, எஞ்சின் நிற்கவில்லை.

மார்கழிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, முதுகு கொள்ளாத அளவுக்குப் பாத்திரமும் பக்கெட்டும் கட்டிய மொபெட்டில் ஒரு பெண் களத்துக்குள் நேராக வந்து நின்றாள். அருப்புக்கோட்டைக்காரி, பேர் குருவம்மாள், வாருகிற முடியைச் சுருட்டிச் சுவர் இடுக்கில் செருகிவைத்திருக்கிற பெண்களிடம் அதை வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுக்கிற வியாபாரம். ஊர் விதி அவளுக்கு என்ன தெரியும். இறங்குகிறபோதே பேசிக்கொண்டு இறங்கினாள்.

"ஏக்கா, அந்தச் சனியன அமத்துங்களேன், நான் பேசுறது எனக்கே கேக்கல."

நவமணி வாயைத் திறந்தாள், காற்று மட்டும் வந்தது. குருவம்மாள் அதற்கெல்லாம் காத்திருக்கிறவள் இல்லை. பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு, இந்த ஊரில் எல்லாரும் என்ன மௌனவிரதமா, எவளைக் கேட்டாலும் கையைக் காட்டுகிறாள், தன்னைக் கட்டினவனுக்கு மூலம், மொபெட்டுக்கும் ஏதோ மூலம்தான், மேடு ஏறினால் முக்குகிறது என்று சொல்லிக்கொண்டே நவமணியின் அறைச் சுவர் இடுக்கிலிருந்த முடிச்சுருளைத் தானே எடுத்து எடை பார்த்து, ஒத்த ஆளு முடி, ஆனா நல்ல முடி என்று பச்சை நிறத்தில் ஒரு மக்கை எடுத்து நீட்டினாள். நீட்டிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தாள்.

"சாப்டீகளாக்கா?"

எஞ்சின் ஒரு துடிப்பு தவறியது.

எண்பது நாளில் முதல்முறையாகத் தவறியது. திணறி, குப்பென்று புகைவிட்டு, தள்ளாடி, மறுபடி பிடித்துக்கொண்டது. நவமணியின் கை பழக்கத்தில் திருப்புளிக்குப் போனது, ஊசிமேல் வைத்தாள், திருப்பவில்லை. அதற்குள் வேலி நிறைய ஜனம். இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் தவறினால் ஊருக்குத் தெரியாதா, அடுப்பில் வைத்ததை வைத்தபடி விட்டுவிட்டு ஓடிவந்திருந்தார்கள். யாரும் குருவம்மாளைத் திட்டவில்லை, அவ்வளவு மரியாதையான ஊர். நாலு பெண்கள் வந்து அவளைத் தோளில் கைபோட்டுக் கூட்டிப்போய், டீயும் முறுக்கும் கொடுத்து, மாரியம்மன் கோவிலுக்கு அந்தப்பக்கம் வைத்து விதியைச் சொன்னார்கள். வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று வீட்டுக்கு வீடு பெண்கள் உட்கார்ந்து தலைவாரினார்கள், முடி சேர்ந்தது, ஒரே மத்தியானத்தில் அவளிடமிருந்த பாத்திரம் அத்தனையும் தீர்ந்தது, இனி அவள் இந்தப் பக்கம் வர வேண்டிய காரணமே இல்லாதபடி ஊர் அவளை வழியனுப்பிவைத்தது.

எஞ்சின் பழையபடி சுத்தமாக ஓடியது. நவமணி பச்சை மக்கில் தண்ணீர் மொண்டு குடித்தாள். சாப்பிட்டேன் என்று சொல்லியிருக்கலாம், இல்லை என்று சொல்லியிருக்கலாம், எதைச் சொல்வதென்று யோசிப்பதற்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கெல்லாம் அவள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, இல்லைங்க, இன்னும் இல்லைங்க என்று மெதுவாகச் சொல்லிப் பழகினாள்.

தை பிறந்து களம் முழுக்கப் பருப்புக்குப் போவதற்கு முந்தின கடைசி ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய பந்தயம், நாற்பத்தைந்து நிமிஷம், கோயமுத்தூர்க்காரர்களும் வருவார்கள். நவமணியின் காரை நான் ஓட்டுகிறேன் என்று சென்னியப்பன் சீட்டு எழுதிக் கேட்டான். எட்டு நிமிஷத்துக்கு ஒருமுறை எல்லாக் காரும் எண்ணெய்க்கு நிற்க வேண்டும், நிற்கவே தேவையில்லாத காரை யார் ஜெயிப்பது. கோயமுத்தூர்க்காரர்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள்; தொட்டி இவ்வளவுக்குமேல் பெரிதாக இருக்கக் கூடாது என்றுதான் இருந்தது, காலியாக இருக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. நவமணி சம்மதித்துத் தலையாட்டினாள். ஒவ்வொரு காருக்கும் ஓரத்தில் ஒரு ஆள் உட்கார வேண்டும் என்பதும் விதி, அதனால் அவளும் போய் உட்கார்ந்தாள்.

கொடி அசைந்தது. பத்துக் கார்கள் சீறின. எட்டாவது நிமிஷம் ஒவ்வொரு காராக வளைந்து வந்து தன் ஆள் முன்னால் நின்றது, அவரவர் குனிந்து, மூடியைத் திறந்து, பீய்ச்சி, போடா ராசா என்று முதுகில் தட்டி அனுப்பினார்கள். நவமணியின் கார் அவள் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. பதினாறாவது நிமிஷமும் எல்லோரும் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள். அவள் காலிப் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தான் கட்டின கார் தன்னைத் தாண்டிப் போவதையும் சுற்றி வந்து மறுபடி தாண்டிப் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்து நாலு. முப்பத்திரண்டு. கார் மூன்று சுற்று முன்னால் இருந்தது, ஊர் சத்தமில்லாமல் கைக்குட்டையை ஆட்டிச் சந்தோஷப்பட்டது. ஜெயித்த பிறகும் அது நிற்காது என்று நவமணிக்குத் தெரியும். ஜெயித்ததைச் சுற்றி நின்று எல்லோரும் இன்னும் ஆழமாக வாயை மூடிக்கொள்வார்கள் என்றும் தெரியும்.

பின்னாலிருந்து ஒரு பக்கெட் கவிழ்கிற சத்தம் கேட்டது. குருவம்மாள் அதன்மேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஊரில் எவள் தலையிலும் முடி மிச்சமில்லை, வியாபாரத்துக்கு வரவில்லை, ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனேன், பதில் வாங்காமல் போனது வழியெல்லாம் உறுத்திக்கொண்டே வந்தது என்றாள். பத்து எஞ்சின் இரைச்சலில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை.

"சாப்டீகளான்னு கேட்டேன்ல."

நவமணி பழகிவைத்திருந்ததைச் சொன்னாள்.

"இல்லைங்க. இன்னும் இல்லைங்க."

கார் ஓட்டுகிறவர்கள் நிற்கிற மேடையில் நின்ற சென்னியப்பன் ரிமோட்டை இடது பக்கம் திருகினான், கார் வலது பக்கம் வந்தது. மேயப்போன கன்றுக்குட்டி வீட்டு வாசலைக் கண்டது மாதிரி பாதையை விட்டு விலகி, மெதுவாகி, ஓரத்துக்கு வந்து, நவமணியின் காலடியில் நின்றது. இரண்டு துடிப்பு துடித்தது. அப்புறம் இல்லை. ஒன்பது எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் ஒரு எஞ்சின் இல்லாமல் போனது அவள் ஒருத்தி காதுக்குத்தான் தெரிந்தது. எண்பத்து மூன்று நாளாகக் காதுக்குள் இருந்த தண்ணீர் வடிந்தது மாதிரி இருந்தது.

சென்னியப்பன் மேடையிலிருந்து குதித்து ஓடிவந்து, பக்கத்து ஆளிடம் எண்ணெய்ப் புட்டியைப் பிடுங்கி அவள் கையில் திணித்து, ஊற்றுங்கள் என்று சைகை காட்டினான். மூன்று சுற்று முன்னால் இருக்கிறார்கள், இன்னும் ஒன்பது நிமிஷம் இருக்கிறது. அவள் தொட்டியை நிரப்பினாள். பிளக்கில் பேட்டரியை வைத்தாள், காரை ஸ்டார்ட்டர் பெட்டிமேல் வைத்து அழுத்தினாள், எஞ்சின் பிடித்துக்கொண்டது. இப்போது அது எல்லா எஞ்சினையும்போல ஒரு எஞ்சின்தான். எண்ணெய் கூடி, புகைந்து, திணறி, ஊசியைத் திருப்பு என்று கேட்டது. நவமணி திருப்புளியை ஊசியில் வைத்தாள்.

வேலி ஓரம் நின்ற ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டது. தூக்கத்தில் சிணுங்கிய குழந்தையின் வாயில்கூட ஒரு தாய் விரலை வைத்தாள். பழக்கிவிட்டிருந்ததால் குருவம்மாளும் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சென்னியப்பன் காரின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, பதினைந்து வருஷத்துக்கு முந்தி குந்தியிருந்த அதே மாதிரி அவள் முன்னால் குந்தி, உதட்டை இறுக்கி, மூச்சைக்கூட அடக்கி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையில் நரை விழுந்திருந்தது. அவள் அதை இப்போதுதான் பார்த்தாள். திருப்புளி ஊசியில் இருந்தது, கை திரும்பவில்லை.

"சென்னியப்பா," என்றாள் நவமணி, கரகரப்பாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நான் ஊசி திருப்பறப்போ இப்படி வாய மூடிட்டு உக்காராத சாமி, என்னத்தையாச்சும் பேசிட்டே இரு."